அமர்ந்தவரே அறிவர்

ஒரு பொருளைப் பற்றி உலகம் பேசும் பேச்சிற் பெரும்பகுதி, அப்பொருளுக்கு வெளியே நின்று பேசப்படுவதாகவே இருக்கிறது. வீட்டைப் புகழ்கிறவர் அதன் முகப்பைப் புகழ்கிறார். அடுப்படியிற் புகை எப்பக்கம் போகிறது என்று கேட்பதில்லை. நூலைப் புகழ்கிறவர்களுள்ளும் அட்டையோடும் முன்னுரையோடும் நின்றுவிடுகிறவர்கள் உளர். இவ்வழக்கம் மிகப் பெரிதாக வளர்ந்து நிற்கும் துறை ஒன்று உண்டு. ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் விரைவு வண்டிகளைப் பற்றிய எழுத்தே அது. எத்தனை குதிரைவலு, எத்தனை செக்கனில் எத்தனை வேகம், உடலின் வளைவு எத்தகையது என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவர். ஆனால் அவ்வண்டியைப் பணங்கொடுத்து வாங்கியவர் அதன் வளைவோடு வாழ்வதில்லை. வளைவைத் தெருவில் நிற்பவர் பார்க்கிறார். உரிமையாளர் ஆசனத்தில் இருக்கிறார். வண்டி வீட்டுக்கு வந்த நாள் முதல் அது கைமாறும் நாள் வரை அவருடைய உடல் தொட்டு அறிவது ஆசனத்தையும், சுக்கானையும், மிதிகளையும், நாலைந்து விசைகளையும், கதவின் உட்புறத்தையுமே.

ஆகவே, விரைவு வண்டியொன்றின் தரத்தை அதன் ஆசனத்திலிருந்தே அளத்தல் வேண்டும். அதுவும் ஒருநாள் ஓட்டிப் பார்த்தவரின் சொல்லைக்கொண்டு அன்று, ஆண்டுக்கணக்கில் அதிலே அமர்ந்தவரின் சொல்லைக்கொண்டு அளத்தல் வேண்டும் என்பதே எமது கருத்து. இது வெறும் சொகுசைப் பற்றிய வழக்கன்று. செய்பவன் தான் செய்யும் பொருளின் நடுவே மனிதனை வைத்தானா, அல்லது பொருளைச் செய்து முடித்த பின் எஞ்சிய இடத்தில் மனிதனைத் திணித்தானா என்பதைப் பற்றிய வழக்கு.

எடுத்துக்காட்டாக, ஆங்கில நாட்டு ஜாகுவார் நிறுவனத்தின் ஈ-ரைப் வண்டியைக் கொள்வோம். 1961ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜெனீவாவில் அது முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது. அதன் உடலை வகுத்தவர் மல்கம் சேயர். விமானத் தொழிலிற் பயின்று வந்த அவர், காற்றை ஊடறுத்துச் செல்லும் வடிவத்தைக் கணிதத்தின் துணைகொண்டு தேடியவர். பிரான்சு நாட்டு லெ மான் நகரில் நடைபெறும் இருபத்து நான்கு மணி நேரப் பந்தயத்தில் 1955, 1956, 1957 ஆகிய மூன்று ஆண்டுகளும் வென்ற டீ-ரைப் வண்டியின் வடிவமும் அவருடையதே. அவ்வெற்றியின் வழித்தோன்றலாகவே ஈ-ரைப் வந்தது. மணிக்கு 150 மைல் செல்லும் என விளம்பரஞ் செய்தனர். அவ்வேகத்தை நெருங்கும் இத்தாலிய வண்டிகளோடு ஒப்பிடுகையில் விலை மிகக் குறைவு. 1974 வரை 72,000க்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. 1996இல் நியூயோர்க் நவீன கலைக் கூடம் அதிலொன்றைத் தன் நிரந்தரச் சேகரிப்பிற் சேர்த்துக்கொண்டது. அழகுக்கு இதனினும் பெரிய சான்று வேறு வேண்டா.

இனி அக்கதவைத் திறந்து உள்ளே அமர்வோம். முதலில் வந்த வண்டிகளின் தரை, ஆசனத்திலிருந்து மிதிகள் வரை ஒரே மட்டமாகத் தட்டையாக இருந்தது. கால் இறங்குவதற்குப் பள்ளம் இல்லை. உயரமான ஒருவர் அமர்ந்தால் முழங்கால் மேலெழுந்து சுக்கானை நெருங்கும். பாதம் மிதியைத் தொடும் கோணமும் இயல்புக்கு மாறாக அமையும். ஆசனத்தைப் பின்தள்ளி இடங்காண முயன்றால் பின்சுவர் தடுத்தது. ஆசனமோ மெல்லிய முதுகையுடைய சிறிய கிண்ணம் போன்றது. முதுகின் சாய்வை மாற்றுவதற்கு வழியில்லை. உலகமே வியந்த அவ்வுடலின் உள்ளே, அரைநாட் பயணத்தின் பின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர்கள் பலர். அக்காலத்தில் வண்டியைச் சோதித்துப் பார்த்து எழுதியவர்களும் இயந்திரத்தை வானளாவப் புகழ்ந்துவிட்டு, ஆசனத்தையும் கியர்ப்பெட்டியையும் பிறேக்கையும் பற்றிக் குறை கூறவே நேர்ந்தது.

செய்தவர்கள் தம் குறையை உணர்ந்தார்கள் என்பதை அவர்களுடைய செயலே காட்டுகிறது. 1962இல் தரையிற் குதிகாலுக்குப் பள்ளம் அமைத்தார்கள். ஆசனம் இன்னுஞ் சிறிது பின்செல்லும்படி பின்சுவரைக் குழித்தார்கள். 1964இல் 4.2 லீற்றர் இயந்திரத்தோடு வந்த வண்டியிற் பழைய ஆசனத்தை நீக்கி, அகன்ற புதிய ஆசனத்தை வைத்தார்கள். 1966இல் பின்னே சிறுவர் அமரத்தக்க இரு சிற்றாசனங்களையுடைய வகையொன்றைக் கொணர்ந்தபோது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரத்தை 96 அங்குலத்திலிருந்து 105 அங்குலமாக நீட்டினார்கள். 1971இல் வந்த இறுதி வரிசையில் இந்த நீண்ட அளவே எல்லா வண்டிகளுக்கும் உரியதாயிற்று. பத்து ஆண்டுகளின் வரலாறு இது. வெளியுடலின் வடிவம் முதல் நாளிலேயே நிறைவு பெற்றுவிட்டது. உள்ளே இருக்கும் மனிதனுக்கு இடம் தேடும் வேலைதான் பத்து ஆண்டுகள் நடந்தது.

இவ்வரலாற்றின் பிற்பகுதி இன்னுஞ் சுவையானது. தட்டைத் தரையுடைய அந்த முதல் வண்டிகளே இன்று சேகரிப்பாளர்களால் மிகுதியாக நாடப்படுகின்றன. பின்னர் வந்த, அமர்வதற்கு இசைவான வண்டிகளைக் காட்டிலும் அவற்றுக்கு விலை கூடுதல். எண்ணிக்கையிற் குறைந்தவை, முதலில் வந்தவை என்பனவே காரணம். உரிமையாளரின் முழங்காலை வருத்திய குறையே இன்று உரிமையாளரின் பெருமையாகிவிட்டது. இது எவ்வாறு நிகழ்ந்தது? விடை எளிது. அன்றைய உரிமையாளர் அதில் அமர்ந்தார். இன்றைய உரிமையாளரிற் பலர் அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். துணி போர்த்தி நிறுத்திய வண்டிக்குத் தரை தட்டையாயிருந்தால் என்ன, குழிந்திருந்தால் என்ன? முழங்கால் இல்லாத இடத்தில் முழங்கால் நோவும் இல்லை.

உடைமை என்னும் சொல்லுக்கு இரு பொருள் இருப்பதை இங்கே காண்கிறோம். பத்திரத்திற் பெயர் இருப்பது ஓர் உடைமை. பொருளோடு பழகி, அதன் நன்மையையும் தீமையையும் தன் உடம்பால் ஏற்றிருப்பது மற்றோர் உடைமை. முதலாவதைப் பணம் தரும். இரண்டாவதைக் காலம் மட்டுமே தரும். சந்தை விலை முதலாவதன் குரலையே கேட்கிறது. விமரிசனமாவது இரண்டாவதன் குரலைக் கேட்க வேண்டாமா?

ஆசனத்துக்கு ஏன் இத்தனை முதன்மை என்று கேட்கலாம். விரைவு வண்டியின் ஆசனம் வரவேற்பறை நாற்காலியைப் போன்றதன்று. அது வேலை செய்யும் கருவி. 80 மீற்றர் ஆரையுள்ள ஒரு வளைவை மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்திற் கடக்கிறோம் எனக் கொள்வோம். 70 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரை அவ்வளைவிற் பிடித்து வைத்திருக்க, ஏறத்தாழ 44 கிலோகிராம் பாரத்துக்கு நிகரான விசை பக்கவாட்டில் வேண்டும். கணித மாணவர் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். அவ்விசையை யார் தருவது? ஆசனத்தின் இருபுறத்தும் எழுந்து நிற்கும் அணைகள் தர வேண்டும். அவை தரவில்லையாயின் சாரதி சுக்கானைப் பற்றிக்கொண்டு தொங்குவார். முழங்காலைக் கதவிலே முட்டுக்கொடுப்பார். வண்டியைத் திருப்புவதற்கென உள்ள கை, உடலைத் தாங்குவதற்கெனச் செலவாகிவிடும். சில்லு நிலத்தைப் பற்றியிருக்கிறதா, நழுவத் தொடங்குகிறதா என்னும் செய்தியும் முதலில் வந்து சேர்வது கண்ணுக்கு அன்று, இடுப்புக்கே. உடல் ஆசனத்தில் வழுக்கிக்கொண்டிருந்தால் அச்செய்தி எங்ஙனம் எட்டும்?

உடற்கூற்றின் பக்கமிருந்தும் இதனை நோக்கலாம். இருத்தலைப் பற்றிய ஆராய்ச்சி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வளர்ந்தது. சுவீடன் நாட்டு மருத்துவர் பெங்ட் ஓகர்புளொம் நிற்றலையும் இருத்தலையும் பற்றிய தம் நூலை 1948இல் வெளியிட்டார். அமெரிக்க அறுவை மருத்துவர் கீகன், இருக்கும் நிலைக்கேற்ப இடுப்பு முள்ளந்தண்டின் வளைவு எவ்வாறு மாறுகிறது என்பதைக் கதிர்ப்படங்களின் துணையோடு ஆராய்ந்து 1953இல் எழுதினார். அவர் காட்டிய உண்மை எளியது. தொடைக்கும் உடலுக்கும் இடைப்பட்ட கோணம் ஒடுங்க ஒடுங்க, இடுப்பின் இயல்பான உள்வளைவு தட்டையாகி முள்ளந்தண்டின் வட்டுகள் வருந்துகின்றன. தாழ அமர்ந்து, முழங்கால் நெஞ்சை நோக்கி எழும் நிலையில் இதுவே நிகழ்கிறது. காலை நேராக நீட்டினால் மட்டும் தப்பலாம் என எண்ணுதலும் கூடாது. தொடையின் பின்புறத் தசைநார்கள் இடுப்பெலும்பைப் பின்னோக்கி இழுத்து, அதே தீமையை வேறு வழியாற் செய்யும். ஆகவே தாழ்ந்த வண்டிக்கு நல்ல ஆசனம் அமைத்தல், உயர்ந்த வண்டிக்கு அமைப்பதினும் கடினமான வேலை. இடுப்பின் பள்ளத்தில் முதுகணை வந்து தாங்க வேண்டும். தொடையின் அடியில் மெத்தை முழங்காலை நெருங்கும்வரை நீள வேண்டும். சாய்வின் கோணம் அவரவருக்கேற்ப மாற வேண்டும்.

அதிர்வையும் மறத்தற்கில்லை. இருக்கும் நிலையில் உள்ள மனித உடல், செக்கனுக்கு 4 முதல் 6 தடவை வரையான மேல்கீழ் அசைவிற்கு மிகுதியாக இசைந்து அதிரும் இயல்புடையது. விரைவு வண்டியின் விற்கள் வளைவுகளிற் சாயாதிருக்கும் பொருட்டு இறுக்கமாக அமைக்கப்படுகின்றன. விற்கள் விழுங்காது விட்ட அதிர்வை மெத்தைதான் விழுங்க வேண்டும். மெத்தை மிக மென்மையானால் உடல் அமிழ்ந்து வடிவம் இழக்கும். மிக வன்மையானால் வீதியின் ஒவ்வொரு கல்லும் முதுகிற் பேசும். இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் அளவைக் காண்பதே ஆசனஞ் செய்வோனின் கலை. 1929இல் டன்லொப் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இறப்பர்ப் பாலை நுரைக்கச் செய்து மெத்தையாக்கும் முறையைக் கண்டார்கள். பின்னர்ப் பொலியூரித்தேன் நுரை பரவும்வரை வண்டிகளின் ஆசனங்களில் அந்நுரை இடம்பெற்றது. இறப்பர்ப் பால் வெட்டும் நாட்டினராகிய நமக்கு, அவ்வாசனங்களின் உட்பொருள் அந்நியமானதன்று.

ஆசனத்தின் தேவையை உரிமையாளர்களே உணர்ந்து தேடிய வரலாறும் உண்டு. ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரில் வண்டியுடல்கள் செய்துவந்த றொய்ற்றர் தொழிற்சாலையை 1963இல் போர்ஷே நிறுவனம் வாங்க முடிவுசெய்தபோது, அதன் ஆசனப் பிரிவு றெகாரோ என்னும் பெயரோடு தனித்து இயங்கத் தொடங்கிற்று. 1965இல் அந்நிறுவனம் விரைவு வண்டிக்கான ஆசனத்தைக் காட்சிக்கு வைத்தது. வண்டியோடு வந்த ஆசனத்தைக் கழற்றிவிட்டு, வேறோர் ஆசனத்தைத் தனியே விலைகொடுத்து வாங்கிப் பூட்டும் பழக்கம் பரவிற்று. எண்ணிப் பார்த்தால் இது வியப்பானது. வண்டியின் பல உறுப்புகளை உரிமையாளர் பழுதானபோதே மாற்றுகிறார்; ஆசனத்தை மட்டும் அது புதியதாய் இருக்கும்போதே மாற்றத் துணிகிறார். இதனினும் தெளிவான முறைப்பாட்டுக் கடிதம் உண்டோ?

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். விரைவு வண்டி என்பது கடுமையை விரும்புவோர்க்கு உரியது. அதிற் சொகுசைத் தேடுவோர் வேறு வண்டி வாங்கிக்கொள்ளட்டும். முதுகு நோவும் அதன் இன்பத்தில் ஒரு கூறே என்பர் சிலர். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. கடுமைக்கும் ஒரு நேர்மை உண்டு. 1996இல் விற்பனைக்கு வந்த லோட்டஸ் எலிசைப் பாருங்கள். அதன் நிறை ஏறத்தாழ 725 கிலோகிராம் மட்டுமே. உள்ளே விரிப்பு இல்லை. அலுமினியம் வெறுமையாகத் தெரியும். பக்கச் சட்டம் மிக அகன்றது; கதவைத் திறந்து உள்ளே நுழைவதே ஓர் உடற்பயிற்சி. ஆசனங்கள் மெல்லியவை, அருகில் இருப்பவருடைய ஆசனம் முன்பின் நகரவே நகராது. ஆயினும் அக்கடுமைக்குக் காரணம் சொல்ல முடியும். பக்கச் சட்டம் அகன்றிருப்பது வண்டியின் எலும்புக்கூடே அதுவாகையால். விரிப்பின்மை நிறையைக் குறைக்கும் பொருட்டு. மெல்லிய ஆசனத்திலும் உடலைப் பற்றும் வடிவம் உண்டு. அங்கே மனிதனிடம் சிலவற்றைத் துறக்கும்படி கேட்கிறார்கள். துறந்ததற்கு ஈடு தருகிறார்கள். ஈ-ரைப்பின் தட்டைத் தரையோ அத்தகையதன்று. பின்னர்க் குழியமைத்தபோது வண்டியின் வேகம் குறையவில்லை, அழகு கெடவில்லை. ஆகவே முன்னர் உரிமையாளர் பட்ட துன்பத்துக்கு ஈடாக ஒன்றும் கிடைக்கவில்லை என்பது வெளிப்படை. எளிமை வேறு, அசட்டை வேறு. துறவிக்கும் வறியவனுக்கும் உடை ஒன்றாக இருக்கலாம். இருவர் நிலையும் ஒன்றன்று.

கடுமையும் இன்றி, அளவுக்கு மீறிய சொகுசும் இன்றி நடுவழி கண்டவர்களும் உளர். 1989இல் சிக்காகோவிற் காட்டப்பட்ட மஸ்டா எம்.எக்ஸ்.-5 வண்டியை வகுத்த யப்பானியர்கள், குதிரையும் அதன்மீது இருப்பவனும் ஓருடலாதல் என்னும் பொருள்தரும் தம் மொழித் தொடர் ஒன்றையே குறிக்கோளாகக் கொண்டார்கள். இரண்டே ஆசனங்கள், ஒரு தொன்னுக்குக் குறைந்த நிறை, கியர்த் தண்டு கை விழும் இடத்திலேயே. பெரும் வலுவில்லாத அவ்வண்டியின் வழிவந்தவை 2016இல் பத்து இலட்சம் என்னும் தொகையை எட்டின. மனிதனை நடுவில் வைத்து வகுத்த பொருளை மனிதர் அறிந்துகொள்வர் என்பதற்கு இது சான்று. ஆயினும் அக்குறிக்கோளுக்கும் எல்லை இருந்தது. 2015இல் வந்த அதன் நான்காம் தலைமுறையிற் சுக்கானை மேலுங் கீழும் நகர்த்தலாமேயன்றித் தன்னை நோக்கி இழுத்துக்கொள்ள முடியாது. கால் நீண்டவர்கள் கையை நீட்டியே ஓட்ட வேண்டியிருந்தது. 2018இல்தான் அக்குறை நீங்கிற்று. குதிரையோடு ஓருடலாக வேண்டுமாயின், கடிவாளம் எல்லார் கைக்கும் எட்ட வேண்டுமன்றோ?

இவ்விடத்தில் நாம் கேட்க வேண்டிய பெரிய கேள்வி வருகிறது. எந்த மனிதனை நடுவில் வைக்கிறார்கள்? ஆசனங்களை அளப்பதற்கென அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் 1962இல் விதித்த உருவப்பொறி, நடுத்தர அளவுள்ள ஓர் ஆணின் உடலை அடியாகக் கொண்டது. அதன் முதுகும் இடுப்பும் எங்கே படுகின்றனவோ அங்கிருந்தே உள்ளறையின் அளவுகள் தொடங்குகின்றன. நடுத்தர ஆண் என்பவன் கணக்கிற் பிறந்தவன். வீதியில் அவனைக் காண்பது அரிது. குட்டையானவர், நெட்டையானவர், பெண்கள், முதியோர் ஆகிய அனைவரும் அவனுக்குத் தைத்த சட்டையை அணிந்துகொண்டு ஓட்டுகிறார்கள். சாதாரண வண்டியில் இடம் தாராளமாக இருத்தலால் இப்பிழை ஓரளவு மறையும். விரைவு வண்டியோ உடலோடு ஒட்டியது. அங்கே ஓர் அங்குலம் தவறினாலும் மறைக்க இடமில்லை. தோளின் அகலத்துக்குக் குறுகிய அணை ஒருவரை நெரிக்கும். அதே அணை மெலிந்த ஒருவரைத் தாங்காது விட்டுவிடும்.

இதற்கு முழு விடை கண்ட வண்டியும் உண்டு. கோர்டன் மரே வகுத்து 1992இல் வெளிவந்த மக்லாரன் எப்-1 வண்டியிற் சாரதியின் ஆசனம் சரி நடுவில் இருந்தது. அவருக்குச் சற்றுப் பின்னே இருபுறமும் இருவர் அமரலாம். வாங்குபவரின் உடலுக்கு ஏற்ப ஆசனத்தையும் மிதிகளையும் சுக்கானையும் பொருத்திக் கொடுத்தார்கள். ஆனால் உலகில் அவ்வண்டிகள் செய்யப்பட்டவை 106 மட்டுமே. உடலுக்கேற்ற ஆசனம் பெருஞ்செல்வரின் உரிமையாக இருக்கலாமா? மெத்தையை உயர்த்தவும் தாழ்த்தவும், இடுப்பின் தாங்கியை நகர்த்தவும், சுக்கானை இழுக்கவும் உதவும் எளிய பொறிகளை எல்லா வண்டிகளிலும் வைத்தலால் வரும் செலவு, குதிரைவலுவை இன்னும் ஐம்பது கூட்டுவதால் வரும் செலவினும் பெரிதன்று. வைக்காமைக்குக் காரணம் செலவு என்பதினும், குதிரைவலுவை விளம்பரத்தில் அச்சிடலாம், இடுப்பின் நலத்தை அச்சிட முடியாது என்பதே.

பழகப் பழகத் தெரியும் வேறு சிறு செய்திகளும் உள. ஆசனத்தின் வெளிப்புற அணை, தாழ்ந்த வண்டியில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் உரசுப்பட்டு முதலில் தேயும். பழைய விரைவு வண்டியை வாங்கப் போகிறவர் அங்கேயே முதற் பார்வையைச் செலுத்துவார். ஓட்டத்தைக் காட்டும் எண்ணினும் அவ்வணையின் தேய்வு உண்மை பேசும். கூரை திறந்த வண்டியின் கறுப்புத் தோலாசனம் வெயிலிற் கிடந்தால் அடுப்புக்கல்லாய்ச் சுடும். எண்ணெய்ப் பசையின்றி விட்டால் தோல் வறண்டு வெடிக்கும். துணியாசனம் அழகிற் குறைந்தது எனினும் வெயிலுக்கும் வியர்வைக்கும் இசைவானது. வளைவில் உடலை வழுக்கவும் விடாது. அளவைப் பலகையின் மேற்புறம் மினுங்கினால் அதன் நிழல் முன்கண்ணாடியில் விழுந்து கண்ணை மறைக்கும். இவை எவையும் முதல்நாள் ஓட்டத்திற் புலப்படா. முதல்நாள் ஓட்டத்தைக் கொண்டே எழுதப்படும் மதிப்புரைகள் இவற்றைச் சொல்லாமைக்கு அதுவே காரணம்.

அளவைப் பலகையைக் குறிப்பிட்டோம். அதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஈ-ரைப்பின் நடுப்பலகையில் ஒரே வரிசையிற் சிறு நெம்புவிசைகள் நின்றன. கண்ணை வீதியிலேயே வைத்துக்கொண்டு விரலாற் தடவி எண்ணி, வேண்டியதைத் தட்டலாம். ஆனால் மோதலின்போது அவை உடலிற் குத்தும் என்பதால், அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளையொட்டி 1968 அளவிலே தட்டையான விசைகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. அழகு விரும்பிகள் வருந்தினர். எனினும் அம்மாற்றம் நியாயமானது. ஏனெனில் அது உள்ளே இருக்கும் உடலைக் கருதிச் செய்யப்பட்டது. புதிய விசையையும் விரல் தடவி அறிய முடிந்தது.

நம் காலத்து மாற்றம் அத்தகையதன்று. வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும், வானொலியை மாற்றவும், சில வண்டிகளிற் கண்ணாடித் துடைப்பானின் வேகத்தைச் சீர்செய்யவுங்கூட வழவழப்பான தொடுதிரை ஒன்றையே நாட வேண்டியிருக்கிறது. வழவழப்பில் விரலுக்கு வழி தெரியாது. கண் அங்கே இறங்கியே தீர வேண்டும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவர் இரண்டு செக்கன் திரையை நோக்கினால், வண்டி 55 மீற்றர் தூரத்தைப் பார்வையின்றிக் கடந்துவிடும். விரைவுக்கென்றே செய்த வண்டியில் இதனை வைத்தல் எவ்வளவு பொருந்தாச் செயல்! திரை ஒரே அச்சிற் செய்யப்படுவது. பல விசைகளைச் செய்து பூட்டுவதினும் மலிவு. மலிவைப் புதுமை என்று பெயரிட்டு விற்றார்கள். ஐரோப்பாவில் வண்டிகளின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் வழங்கும் யூரோ என்காப் அமைப்பு, திசைகாட்டும் விளக்கு, அபாய விளக்கு, ஊதுகுழல், துடைப்பான், உதவியழைப்பு ஆகியவற்றுக்குக் கையாலறியும் விசைகள் இருத்தலைத் தன் 2026ஆம் ஆண்டின் புதிய அளவுகோலிற் சேர்த்திருக்கிறது. உரிமையாளர்கள் பல்லாண்டு சொல்லிவந்த ஒன்றை ஓர் அமைப்பு செவிமடுத்திருக்கிறது என்றே இதனைக் கொள்ளலாம்.

இலக்கிய வட்டத்தார்க்கு இவ்வண்டிப் பேச்சு எதற்கு என்று கேட்போர் இருக்கக்கூடும். உருவமும் உள்ளடக்கமும் பற்றி நாம் நெடுங்காலம் வாதிட்டு வந்திருக்கிறோம். உருவத்தை மட்டும் போற்றுவது எத்தகைய தீர்ப்பைத் தரும் என்பதை நூலிற் காட்டுவதினும் ஈ-ரைப்பிற் காட்டுவது எளிது. கலைக்கூடத்தில் அவ்வண்டியின் அழகை எவரும் மறுக்க மாட்டார், நாமும் மறுக்கவில்லை. ஆனால் கலைக்கூடத்தில் அதனுட் புகுந்து அமர எவரையும் விடமாட்டார்கள். அங்கே அது சிற்பம். சிற்பமாக அது குறையற்றது. வீதியில் அது வண்டி. வண்டியாக அது குறையோடு பிறந்து, அமர்ந்தவர்களின் முறைப்பாட்டினாலே படிப்படியாகத் திருந்தியது. இவ்விரு தீர்ப்புகளையும் ஒன்றாகக் குழப்பாதிருத்தலே விமரிசகனின் முதற்கடமை.

ஒரு பொருளைச் செய்பவன் அதனைப் பயன்படுத்துவோனின் முதுகையும் முழங்காலையும் விரலையும் கண்ணையும் எண்ணினானா என்பது, அப்பொருள் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதினும் முந்திய கேள்வி. வகுப்பறை வாங்கிலிருந்து விரைவு வண்டிவரை இக்கேள்விக்கு விலக்கில்லை. விலையை அறிய விற்பவரைக் கேளுங்கள்; வேகத்தை அறிய அளவைக் கருவியைக் கேளுங்கள்; அழகை அறியத் தெருவில் நிற்பவரைக் கேட்டாலும் போதும். வண்டி நல்லதோ என்று அறிய வேண்டுமாயின், ஐந்து ஆண்டுகள் அதில் அமர்ந்து ஓட்டியவரைத் தேடிப் போய், அவர் சொல்வதைப் பொறுமையோடு கேளுங்கள்.